மாலையால் மறைத்த பெயர்

காவலாளி தமிழில் சொன்னது ஒன்று, நான் பிரெஞ்சில் சொன்னது வேறொன்று. உப்பளத்துப் பக்கம் கல்லறைத் தோட்டத்தில், காலை வெயிலில், என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்த விதம் இன்னும் மறக்கவில்லை. தடுமாற்றமே இல்லை. பரீட்சையில்கூட நான் அவ்வளவு சரளமாகப் பிரெஞ்சு பேசியதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஒரு டிராவல்ஸில் கைடாக இருந்தேன். மூலக்குளத்துப் பெண், அப்பா மில் தொழிலாளி. பள்ளியில் பிரெஞ்சு படித்திருந்தேன் என்ற ஒரே தகுதியில் கிடைத்த வேலை. வெள்ளைக்காரர் கட்டிய தெருக்களை வெள்ளைக்காரர்களுக்கே சுற்றிக் காட்ட வேண்டும். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பழைய கலங்கரை விளக்கம், கடற்கரை. எந்த வீட்டில் எந்தத் துரை இருந்தார் என்று தெரியாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர்களும் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பொய் சொல்லிப் பழகிய வாய் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதாம் என்று நான் அழைத்த பெண்மணி அப்படி ஒரு குழுவோடு வந்தவர். வயது அறுபது இருக்கும். என்னைவிடக் கறுப்பு, குட்டை முடி, கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அம்மா இங்கேயே இறந்துபோனதும் ஆறு வயது மகளை அப்பா கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார். அதன்பிறகு அப்போதுதான் ஊருக்கு வருகிறார். குழு ஒரு வாரம் கோவாவைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. அங்கே பழைய தேவாலயங்களின் தரை முழுக்கக் கல்லறைக் கற்களாம். போர்த்துகீசியர்கள் வெட்டிவைத்த பெயர்களை நூற்றாண்டுகள் கழித்தும் விரலால் தடவிப் படிக்க முடிந்ததாம். "அவ்வளவு பழைய பெயர்களே இருக்கின்றன. என் அம்மாவின் பெயர் இருக்காதா?" என்றார். மற்றவர்களைப் பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு அவரை மட்டும் உள்ளே அழைத்துப் போனேன்.

காவலாளி பெயரைக் கேட்டார், வருடத்தைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "மரக்குருசு எத்தினி நாளைக்கும்மா நிக்கும்? ரொம்ப வருசம் யாரும் வரலன்னா அந்தக் குழியில வேற ஆள வச்சிருவாங்க. அவங்கம்மா எங்க இருக்காங்கன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. பதமா எடுத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மதாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடம் எங்கே என்று சொல்லிவிட்டார், வாருங்கள்" என்றேன். பெயரில்லாத மண்மேடு ஒன்று வேப்பமரத்தடியில் கிடந்தது. குருசு இல்லை, கல் இல்லை. அதைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். மண்டியிட்டு மேட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். அதுவரை ஒரு வார்த்தை தமிழ் பேசாதவர், "யம்மா, நான் வந்துட்டேன்" என்றார். ஆறு வயதுக் குழந்தையின் தமிழ் அது. அதற்குப் பிறகு அவரிடம் தமிழ் வளரவே இல்லை.

போகும்போது இரண்டு காரியங்களை என்னிடம் ஒப்படைத்தார். அம்மாவின் பெயர் பொறித்த கல்குருசு ஒன்று நட வேண்டும். ஆண்டுதோறும் நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று பூப்போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டையும் செய்தேன். பொய்யைப் பெற்றவள்தானே அதற்குச் சோறும் போட வேண்டும்.

முதல் திருநாளன்று தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக இருந்தது. நான் நட்ட குருசின் முன்னால் கையில் மாலையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். குருசுக்குப்பத்துக்காரர், மீன் விற்பவர். "இது என் புள்ள இருக்கிற எடம். யாரு பேர எழுதி வச்சிருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். இருபத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போனவனாம். மரக்குருசு மழையில் விழுந்துவிட்டதாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார், ஆளைக் கூட்டுவார் என்று பயந்தேன். "மேடு எறங்காம இருந்துச்சே. பழைய குழின்னா மட்டமாப் போயிருக்கும்ல. அதுகூடவா தெரியல?" என்றார். தெரியவில்லைதான். எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். புதைத்த மண் எத்தனை வருடத்தில் அமுங்கும் என்று நான் எங்கே கண்டேன்? மதாமுக்கும் அது தெரியாது.

கையிலிருந்த மாலையை மேட்டின்மேல் வைத்துவிட்டு, "இது அவங்கம்மா இல்லன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதும்மா."

"தெரிய வேணாம். பெத்தவளத் தேடி அவ்ளோ தூரம் வந்திருக்கா. கீழ என் புள்ள பேரயும் எழுதிக் குடுத்துடு, போதும்."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த நவம்பரில்தான் சிக்கல் புரிந்தது. இரண்டு பெயர் உள்ள படத்தை மதாமுக்கு எப்படி அனுப்புவது? சாமந்தி மாலையைக் குருசின்மேல் போட்டு, பையனின் பெயர் தெரியாதபடி இழுத்துவிட்டேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். நான் கேமராவைத் தூக்கியதும், "இரு, கடைசி எழுத்து தெரியுது" என்று அவரே வந்து மாலையை இறக்கிவிட்டார். படம் எடுத்து முடிந்ததும் மாலையை மேலே தூக்கி, பையனின் பெயரை முந்தானையால் துடைத்தார். ஆறு வருடம் இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எடுத்தேன்.

மதாமின் கடிதங்கள் வரும். படத்தைக் கட்டிலருகே வைத்திருப்பதாகவும், தூங்குமுன் அம்மாவோடு பேசுவதாகவும் எழுதுவார். நவம்பரில் அதை மீன்கார அம்மாவிடமும் சொல்வேன். அங்கே எங்கோ ஓர் அறையில், குருசுக்குப்பத்துப் பையன் ஒருவன், புரியாத பாஷையில் யாரோ ஒருத்தியின் துக்கத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று தோன்றும். பகலில், பயணிகளுக்கு ஏதாவது ஒரு வீட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, "யம்மா, நான் வந்துட்டேன்" என்று காதருகே கேட்கும். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவேன். துரைமார் கதைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கைடை எந்த டிராவல்ஸ் வைத்துக்கொள்ளும்? நானே விலகிவிட்டேன்.

இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் அந்த மஞ்சள் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் நடக்கவே இடமில்லை. நான் கைடாக இருந்த காலத்தில் அந்தத் தெருக்களில் சைக்கிள் மணிச் சத்தம் தனியாகக் கேட்கும். நவம்பரில் மட்டும் தவறாமல் உப்பளம் போகிறேன். ஒரு வருடம் கேமரா இல்லாமல் போனேன். மதாம் இறந்துவிட்டார், அந்தப் படத்தையும் சவப்பெட்டியில் வைத்தோம் என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள். அந்த அம்மாவிடம் சொன்னேன்.

மெழுகுவத்தியைக் கொளுத்தி நட்டுவிட்டு, "அப்ப இந்நேரம் அவங்கம்மாவப் பாத்திருப்பாங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, ஆறுதலாகவும் இருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

அவர் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"பாத்ததும் அவங்கம்மா கேட்டிருப்பாங்கல்ல, இத்தினி வருசமா நீ யாருகிட்ட பேசிக்கினு இருந்தன்னு?"