பதினேழு ஒன்றுகள்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது ஜீவமணியின் வேலை. அடுத்த லாரி வரும்வரை வகுத்துக்கொண்டிருப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எட்டு வருஷமாக அவர் வகுத்தது ஒரே எண்ணை: 11111111111111111. பதினேழு ஒன்றுகள்.

மனிதர் பி.எஸ்சி. கணிதம். பதினொன்று பகா எண். அதற்குப் பின்னால் ஒன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் 111 மூன்றில் உடைகிறது, 1111 பதினொன்றில். இப்படிப் பதினாறு ஒன்றுகள் வரை அவரே உடைத்துவிட்டார். பதினேழு மட்டும் அசையவில்லை. அது பகா எண்தான் என்று முடிவுகட்டிவிட்டார், நிரூபிப்பதுதான் பாக்கி. முப்பத்துநான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்பதால் வேலை குறைந்தது. அப்படியும் முழுதாக முடிக்க நானூறு வருஷம் ஆகும். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

போனில் தட்டினால் நொடியில் விடை வந்துவிடும். "யாரும் என்கிட்ட சொல்லப்பிடாது" என்று மனைவி ஜெப்ஸியிடம் முதல் வாரமே வாக்கு வாங்கியிருந்தார்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், 2071723 ஆல் வகுத்தார். மீதி பூஜ்யம். மறுபடி வகுத்தார். பூஜ்யம்.

எடை மேடைமேல் லாரியோடு நின்ற டிரைவர் மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, சீட்டத் தாங்க."

"ஒடஞ்சிட்டுலே," என்றார் ஜீவமணி.

"மேடையா?" என்று அவன் பதறிப்போய்க் குதித்து இறங்கி, டயருக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

சாயங்காலம் வீட்டில் ஜெப்ஸி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றார்.

"ஏளா, அது ஒடஞ்சிட்டு."

"இருபது லட்சத்துச் சொச்சத்துலதான?" என்றாள் அவள், மீனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவர் இன்னும் எண்ணைச் சொல்லவே இல்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வாக்கு வாங்குன அன்னைக்கே போன்ல பாத்துட்டேன்."

"எட்டு வருஷமாவா?"

"சொல்லப்பிடாதுன்னது நீங்கதான?"

இரண்டு நாள் அவர் பேசவில்லை. உடைந்த எண்ணுக்காகவா, மனைவியின் உடையாத வாய்க்காகவா என்று அவருக்கே விளங்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், பதினெட்டு இரட்டைப்படை, அது பதினொன்றிலேயே போய்விடும், ஆகவே அடுத்தது பத்தொன்பது ஒன்றுகள் என்று அறிவித்தார்.

ஜெப்ஸி கரண்டியோடு திரும்பினாள். "ஐயோ, அங்கன மட்டும் போவாதீங்க! அது எதுலயும் ஒடையாது!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

ஜீவமணி கோபப்படத்தான் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நெசமாவா? பகா எண்ணா?"

"நெசமாத்தான். அதயும் அன்னைக்கே போன்ல பாத்துட்டேன்."

"ஒண்ணாவது நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, குழம்பு ஊற்றத் தட்டை நீட்டினார்.