சுரங்கச் சுவரைத் தட்டிப் பார்த்த பலராமன்

பலராமன் வேலைக்கு வந்த முதல் வாரம், என் பூக்கூடையின் மேல் தினமும் ஓர் ஈரத்துண்டு கிடக்கும். போட்டது யாரென்று தெரியவில்லை. சுவரைத் தட்டினால் தூசி பறந்து பூ வீணாகுமே என்று, அவர்தான் தம் துண்டை நனைத்துப் போர்த்திவிட்டு உள்ளே போகிறார் என்பதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன்.

கீழ்பென்னாத்தூர் போகும் சாலை, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு பழைய சுரங்கப்பாதைக்குள் நுழைந்து போகிறது. அதன் வாசலில்தான் என் பூக்கடை. உள்ளே எங்கே விரிசல், எங்கே காரை விட்டிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய வந்தவர் பலராமன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிரிடும் குடும்பம். இருபது வருஷமாக மலைப்பாதைச் சுரங்கங்களில் இதே வேலை. சின்னச் சுத்தியலால் தட்டுவார், காதை வைப்பார், சாக்பீஸால் வட்டம் போடுவார். "கல்யாணத்தன்னிக்கே மண்டபத்துத் தூணைத் தட்டிப் பாத்த மனுஷன்" என்று, சோறு கொண்டுவரும்போது அவர் மனைவி சந்திரகலா சொல்லிச் சிரிப்பாள்.

சுரங்கத்தின் நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் கசியும். அம்மனே ஊற்றாக வந்திருக்கிறாள் என்று பச்சையம்மாள் அக்கா அங்கே மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுவார். அந்த இடத்தைத் தட்ட அவர் விடவில்லை. கார்த்திகை தீபத்துக்குப் பன்னிரண்டே நாள். அன்று இந்த வழியாக எவ்வளவு கூட்டம் வரும்!

"அம்மா மேல சுத்தி பட்டுச்சு, கை இருக்காது பாத்துக்கோ!"

"நான் தட்டலக்கா. நீங்களே தட்டுங்க. பொங்கப்பானைய தட்டித்தானே வாங்குவீங்க?"

அக்கா முறைத்துக்கொண்டே சுத்தியலை வாங்கினார். தள்ளி ஓரிடத்தில் தட்டினார். ணங்கென்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டு மஞ்சளுக்குப் பக்கத்தில் தட்டினார். பொத்தென்றது. இன்னொரு தட்டு. அதுவும் பொத்துதான்.

"அய்யய்யோ, கீறல் வுட்ட பானையாட்டம் கேக்குதே!"

"அதுக்குக் கீழதாங்க்கா நீங்க உக்காந்து கும்பிடறீங்க."

அக்கா அண்ணாந்து பார்த்து இரண்டடி தள்ளி நின்றார். "சரி, பேத்துடு. ஆனா தண்ணி நின்னுச்சுன்னா அம்மா போயிட்டானு அர்த்தம். நீதான் பதில் சொல்லணும்."

"எங்கயும் போவ மாட்டாங்க்கா. வழிய மட்டும் மாத்தறேன்."

பூச்சைப் பெயர்த்தபோது கூடை கூடையாகக் காரை கொட்டியது. விரிசல்களில் அவருடைய ஆட்கள் சிமெண்டுப் பால் ஏற்றினார்கள். சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைக் குழாய் வைத்து வெளியே கொண்டுவந்து, வாசலில் இருக்கும் வேப்பமரத்தடியில் விட்டார் பலராமன். தீபத்துக்கு மூன்று நாள் முன்னால் முதல் சொட்டு விழுந்தது.

"அரோகரா! வெளிய வந்துட்டாடி!" என்று அக்கா அறுபது வயதில் என் கையைப் பிடித்துக் குதித்தார். கூடையில் இருந்த பூ முழுவதையும் மரத்துக்கே சுற்றிவிட்டேன்.

தீபம் முடிந்த மறுநாள், வேறு ஊர்ச் சுரங்கத்துக்குப் புறப்பட்ட பலராமன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அக்காவிடம் சொன்னார்:

"தண்ணி நின்னுபோச்சுன்னா, அம்மா கோவிச்சிக்கினானு அழுவாதீங்க. குழாய்ல மண்ணு அடைச்சிருக்கும். ஒரு குச்சிய வுட்டுக் குத்துங்க, வந்துடுவா."