தட்டி பாஸ்

எண்பதுகளில் இராஜபாளையத்தில் மில்லுக்குப் போகும் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடை வாசலில் தியேட்டர்காரர்கள் ஒரு தட்டி வைத்திருந்தார்கள். மூங்கில் சட்டத்தில் சாக்கு அடித்து, அதன்மேல் போஸ்டர் ஒட்டியிருக்கும். இடத்துக்கு வாடகை கிடையாது. மாதாமாதம் ஒரு பாஸ் அட்டை தருவார்கள். எந்தப் படத்துக்கும் இரண்டு பேர் போகலாம். ஆனால் புதுப்படம் வந்த வாரம் செல்லாது, வெள்ளி, சனி, ஞாயிறும் செல்லாது.

"சும்மா கெடக்க சீட்டுதான? நீ உக்காந்தா எங்களுக்கு என்ன நட்டம்? பாத்துட்டு வந்து நாலு பேர்ட்ட சொல்லணும், அதுக்குத்தான் பாஸு" என்று போஸ்டர் ஒட்டுபவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வீட்டில் அப்பா, அம்மா, தம்பிமார் எல்லோரும் ஒரே அறையான பத்தி வீட்டில் இருந்தோம். நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேச வாய்த்தது திங்கட்கிழமை சாயங்காலம்தான். அவளைக் கேரியரில் உட்கார வைத்துத் தியேட்டருக்கு மிதிப்பேன்.

காற்றடிக்க வருபவர்கள் படம் எப்படி என்று கேட்பார்கள். நான் பள்ளிக்கூடம் போன கொஞ்ச காலத்திலும் எழுந்து நின்று பதில் சொன்னவன் இல்லை. "பாக்கலாம்" என்பேன். அதற்குமேல் வாய் வராது.

சில மாதம் பார்த்துவிட்டுத் தட்டியையும் பாஸையும் எதிரே இருந்த சலூனுக்கு மாற்றிவிட்டார்கள். சலூன்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முகத்தில் சோப்பு நுரையோடு ஆளை உட்கார வைத்துக் கதை சொல்லுவார். முக்கியமான இடம் வந்ததும் கத்தியை நிறுத்திவிடுவார். ஷேவிங் முடிந்தவர்கள்கூட எழுந்து போகமாட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் பவுடர் பூசி, மனைவியோடு என் கடையைத் தாண்டிப் படத்துக்குப் போவார். நான் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று குனிந்துகொள்வேன். டிக்கெட் எடுத்து வாராவாரம் போக என் கடை வருமானம் காணாது. என் மனைவி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்தால் உடனே திரும்பமாட்டாள். தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் கேட்கும் கதைக்கு முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள். நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததில்லை. பாஸ் போனதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் போஸ்டர் ஒட்டுபவர் தட்டியைத் திரும்ப என் வாசலுக்கே இழுத்துவந்தார். மில் ஆட்கள் சலூனிலேயே முழுப்படத்தையும் கேட்டுவிட்டு, இனி எதற்கு டிக்கெட் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம்.

"அவரு வாய்க்குத் தியேட்டரப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். நீதாம்ல எங்களுக்கு லாயக்கு. பாக்கலாம்னு சொல்லுத, அது போதும்" என்றார்.

சலூன்காரரோ சிரித்துக்கொண்டே வந்து தட்டியின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். அப்படிச் சிரிக்க முடிந்ததற்கும் அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்து, படம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "அந்த சலூன் அண்ணாச்சி சொன்னா இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.

அவள் முறுக்கை ஒடித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, அடுத்த வாரம் பாஸ அவியட்ட குடுத்துருங்களேன். பாத்துட்டு வந்து சொல்லட்டும். நாம கடையிலயே இருந்து கேட்டுக்கிடுவோம்."

விளக்கு அணைந்தது. சட்டைப்பையில் இருந்த அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தேன்.