பொட்டு வைத்த சவர்க்காரம்

நாட்டில் டொலர் தீர்ந்து, வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன நேரம். உள்நாட்டு உற்பத்திதான் இனி நம்மைக் காப்பாற்றும் என்று தொலைக்காட்சியில் ஆளாளுக்குப் பேசினார்கள். மற்றவர்கள் அதைச் செய்தியாகக் கேட்டார்கள். நானும் அக்காவும் எங்கள் பெயருக்கு வந்த கடிதமாகவே எடுத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக் கராஜில் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் செய்ய இறங்கினோம்.

இதற்காக என்று சொல்லியே அக்கா வங்கியில் சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தாள். திகனயில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்களுக்கு அவர் நானா, மாதிரிக்கு ஐம்பது கட்டி கேட்டிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் அக்கா மறுபடி வங்கிக்கே போகவேண்டும். அம்மாவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

தொடங்கிய அன்று அம்மா அடுப்பு, தராசு, வாளி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அச்சுகளை என்னிடம் விட்டார். வெளியே வைத்தால் கை பட்டு அழிந்துவிடுமே! ஐம்பது குழியிலும் உள்ளே, நடு நடுவே, பார்த்துப் பார்த்து வைத்தேன். கலவையை ஊற்றியதும் நான்தான்.

மறுநாள் கவிழ்த்தால், ஐம்பதும் நெற்றியில் சிவப்புப் பொட்டோடு எங்களைப் பார்க்கின்றன.

"என்னடி இது? சவுக்காரமா, கல்யாணப் பொண்ணுங்களா?" என்றாள் அக்கா.

ஒன்றைச் சுரண்டினோம். பொட்டு போய்ப் பள்ளம் வந்தது. மறுபடி செய்யலாமென்றால் காய்வதற்கே நாலு வாரம். நானா சொன்ன தவணைக்கு அதற்குமேல் ஒரு நாள்கூட மிச்சமில்லை. அவற்றையே காயவைத்துத் தூக்கிக்கொண்டு திகன பஸ் ஏறினோம்.

நானா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன புள்ள, இது கோயிலுக்குப் போய்ட்டா வருது?"

"டிசைன் நானா" என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

பின்பக்கக் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவப்பு. "மருதோண்டி போட்ட மாதிரி ஈக்கி!" என்று கடைக்கே காட்டிச் சிரித்தார். பிறகு கையை முகர்ந்தார். "நொர நல்லம். வாசமும் நல்லம். இதெல்லாம் கொண்டு போங்க. பொட்டு இல்லாம நூறு கொண்டு வாங்க, மாசா மாசம் எடுக்கிறன்."

அக்கா கடை வாசலிலேயே நின்று வங்கி மனேஜருக்கு அழைத்தாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பொருளாதாரம், எதிர்காலம் என்று பெரிய பேச்சொன்று தயாராக வைத்திருந்தாள். "சேர், நான் இனி வேலைக்கு வரல்ல" என்பதோடு அது முடிந்துவிட்டது.

"ஓம் பிள்ளை, நான் அப்பவே நினைச்சனான்" என்றார் அவர். "அது கிடக்கட்டும், உந்தச் சவுக்காரத்தில ரெண்டு கிடைக்குமோ? கடையில விலை கேக்கவே பயமாக் கிடக்கு."

"பொட்டு வெச்சதுதான் சேர் இருக்கு."

"அதுக்கென்ன, கொண்டு வாரும்."