நமுனுகுல மலையும் கொடியில் காய்ந்த சேலையும்

இன்று நமுனுகுலப் பக்கம் போனேன். கையில் புதிதாக வாங்கிய அல்ட்ரா வைட் ஜூம் லென்ஸ்.

அதைக் குறை சொல்ல மனமே வரவில்லை. மலை முழுவதையும், மேலே மேகத்தையும், கீழே தேயிலைச் சரிவையும், என் காலடியில் கிடந்த கல்லையும் ஒரே படத்தில் அள்ளிக்கொண்டது. அள்ளியதில் ஓரமாக, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயமும் வந்துவிட்டது.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய ஓர் அக்கா, "என்னங்க எடுக்குறீங்க?" என்று கேட்டார். கேமராத் திரையைக் காட்டினேன்.

மலையை அவர் பார்க்கவே இல்லை. விரல் நேரே ஓரத்துக்குப் போனது.

"இது எங்க லயமுங்க! போட்டோ எடுக்க வர்றவங்க எல்லாம் லயம் படத்துல விழுந்துறக் கூடாதுன்னு தள்ளித் தள்ளி நின்னுதான் எடுப்பாங்க. நீங்கதான் வீட்டையும் சேத்து எடுத்திருக்கீங்க."

பாராட்டு லென்ஸுக்குரியது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த நொடி அவர் முகம் மாறியது. வாசல் கொடியில் அவருடைய பழைய சேலை காய்வதும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்ல சேலையா காயப் போட்டிருப்பேன்ல?"

ஓரத்தை வெட்டிவிட்டால் படம் இன்னும் அழகு என்று இந்தப் பதிவின் கீழே எழுதப்போகும் நண்பர்களே, முதலில் அந்த அக்காவிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.