புள்ளி வைக்காத ஆறு

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். வெல்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர். தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்த இன்ஸ்பெக்டர். வருகைப் பதிவேடும் பீஸ் ரசீதும் எழுதுகிற ஆபீஸ் அக்கா. டெஸ்டுக்கு நிறுத்தப்பட்ட ஐந்து பேர்: கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருகிற அண்ணன், தம்பி, முப்பது வயதைத் தாண்டிவிட்டதால் நாங்கள் ‘பெருசு’ என்று கூப்பிட்ட முன்னாள் லாரி கிளீனர், எனக்கு அடுத்த தடுப்பில் வேலை பழகிய செம்பாக்கத்துக்காரன், நான். டீ கொண்டுவந்தவர் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு முன்னமே போய்விட்டார். அவரைச் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். யார் எங்கே நின்றார்கள், யாருடைய பார்வை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடச் சொல்வேன். யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயத்தில் ஆரம்பித்த கணக்கு அது.

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில், ரயில்பாதைக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் அந்த ஆறு மாதப் பயிற்சி நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நான் படிப்பை நிறுத்தியதற்கும் வீட்டுக் கஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. பரீட்சை என்றாலே எனக்குப் பயம். ஒன்பதாம் வகுப்புக் கால்பரீட்சை அன்று பாதி வழியில் திரும்பி வந்தேன், அப்புறம் போகவில்லை. வெல்டிங் கைத்தொழில், இதில் பரீட்சை இருக்காது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஆறாவது மாதம் மாஸ்டர் வந்து, பன்னிரண்டு பேரில் ஐந்து பேரை டெஸ்டுக்கு நிறுத்தப் போவதாகவும், அந்த ஐவரில் இரண்டு பேருக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை என்றும் சொன்னார். என் பெயரும் அதில் இருந்தது. வீட்டில் அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். இந்த முறை பாதி வழியில் திரும்ப முடியாது.

டெஸ்ட் இதுதான். கையகல இரும்புத் துண்டுகள் இரண்டு. சேர்கிற ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, நடுவில் சின்ன இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். அடியிலிருந்து மேல்வரை அடுக்கடுக்காக வெல்டிங் அடித்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஆறியபின், லாரி ஜாக்கியை வைத்து மாஸ்டரே செய்திருந்த ஒரு சட்டத்தில் அதைப் படுக்கவைத்து வளைப்பார்கள். விரிசல் விடாமல் வளைந்தால் பாஸ்.

வெல்டிங்கில் ஒரு வசதி, அந்த வெளிச்சத்தை யாரும் வெறுங்கண்ணால் பார்க்கமாட்டார்கள். தகரத் தடுப்புக்குள் குனிந்துவிட்டால் நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க ஆள் கிடையாது. அடி அடுக்கு ஓட்டும்போது என் கை ஓர் இடத்தில் நின்றுவிட்டது. வெல்டிங் ராடை எடுப்பதற்குள் இரும்பு உருகி ஒழுகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைப் பொறுமையாக ஓரத்திலிருந்து கட்டிக்கொண்டு வரலாம். சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை, பயம்தான் இருந்தது. புது ராடு ஒன்றை எடுத்துத் தரையில் தட்டி, மேல்பூச்சை உதிர்த்து, உள்ளிருந்த கம்பியை மட்டும் ஒடித்து ஓட்டையில் வைத்தேன். அதன்மேல் வெல்டிங்கை ஓட்டி மூடினேன். பட்டறைகளில் இதற்குக் கம்பி வைப்பது என்று பெயர். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கம்பி ஒட்டாமல் சும்மா கிடக்கும். தொட்டியிலோ பாலத்திலோ இதைச் செய்தவனைப் பற்றி மாஸ்டர் பேசும்போது தரையில் காறித் துப்புவார்.

மேல் அடுக்கு அழகாக வந்தது. கசடைத் தட்டி எடுத்ததும் பக்கத்துத் தடுப்பிலிருந்து செம்பாக்கத்துக்காரன் எட்டிப் பார்த்தான்.

“இன்னா மச்சான், சூப்பரா கீது! இன்ஸ்பெக்டரு இத வூட்டுக்கு எடுத்துனு போயி ஷோகேஸ்ல வெச்சிடப் போறாரு.”

“போடா,” என்றேன்.

“என் துண்டுலயும் நம்பர் அடிச்சுடு. மூஞ்சி கழுவிகினு வரேன், கண்ணு எரியுது.”

பதிவேட்டில் என் நம்பர் ஆறு, அவன் நம்பர் ஒன்பது. இரும்பில் எண்ணைப் பதிக்கிற நம்பர் பஞ்ச் பெட்டியில் ஒன்பதுக்கென்று தனி பஞ்ச் கிடையாது. ஆறையே தலைகீழாகப் பிடித்து அடிக்க வேண்டும். அதனால் மாஸ்டர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்: “ஆறோ ஒம்போதோ அடிச்சா, அடில ஒரு புள்ளி வெச்சுடு. இரும்புக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாதுடா.” வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆறு மாதத்தில் ஒரு நாளும் அந்தப் புள்ளியை மறந்ததில்லை. அன்று மறந்தேன். என் துண்டில் ஆறு, அவன் துண்டில் ஒன்பது. இரண்டிலும் புள்ளி இல்லை. உள்ளே கிடக்கும் கம்பியைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. இதை மட்டும் நம்பினால் போதும், மீதிக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை.

ஐந்து துண்டுகளையும் மேஜையில் வைத்தோம். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்து நம்பரை உரக்கப் படித்தார். அக்கா பதிவேட்டில் எழுதினாள். கூடுவாஞ்சேரி அண்ணனுடையது வளைந்தது, பாஸ். தம்பியுடையதில் ஓரத்தில் விரிசல். பெருசின் துண்டு பாதியிலேயே பிளந்தது. அவர் சிரித்துக்கொண்டு, “பரவால்ல, லாரி எங்கியும் பூடல,” என்றார். இன்ஸ்பெக்டர் அடுத்ததை எடுத்தார்.

“நம்பர் ஒன்பது.”

அவர் கையிலிருந்தது என்னுடையது. தலைகீழாகப் பிடித்திருந்தார். என் வாய் திறந்தது என்றே நினைக்கிறேன். ஜாக்கியை நாலு தடவை அடித்ததும் டப்பென்று சத்தம். இணைப்பு வாயைப் பிளந்தது. பல்லில் சிக்கிய குச்சி மாதிரி உள்ளே கம்பி நீட்டிக்கொண்டு இருந்தது.

மாஸ்டர் செம்பாக்கத்துக்காரனின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“கம்பி வெக்கிறியா? என் எடத்துல, வெளியாளு முன்னாடி, கம்பி வெக்கிறியாடா நாயே?”

“மாஸ்டர், இது என்னுது இல்ல. சத்தியமா என்னுது இல்ல. என் கை நடை இப்பிடி இருக்காது, நீங்களே பாருங்க.”

“நம்பர் போட்டிருக்குதேப்பா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் என் பக்கம் திரும்பினான். முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. “மச்சான், நீதானே அடிச்ச? சொல்லுடா. என்னுதுல இன்னா அடிச்ச?”

“ஒன்பதுதான் அடிச்சேன்,” என்றேன்.

பொய் இல்லை. அவன் துண்டில் ஒன்பதுதான் அடித்தேன். அந்த ஒரு வாக்கியத்தை அவ்வளவு சரியாக எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்காவது அப்படி உடனே பதில் சொல்லியிருப்பேனா!

மேஜையில் மிச்சமிருந்த ஒரே துண்டு, அவனுடையது, ஆறாகிப் போனது. ஜாக்கி அடிக்க அடிக்க அது குதிரை லாடம் போல வளைந்தது, ஒரு கோடுகூட விழவில்லை. “ஆறு யாரு?” என்று கேட்டு இன்ஸ்பெக்டர் எனக்குக் கை கொடுத்தார். அப்போது செம்பாக்கத்துக்காரன் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்துச் சர்டிபிகேட் வாங்கப் போனேன். ஆபீஸ் அக்கா பதிவேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் எண்களே இல்லை. ‘ஆறு’, ‘ஒன்பது’ என்று எழுத்தாலேயே எழுதியிருந்தாள்.

“நான் எப்பவும் இப்படித்தான் தம்பி எழுதுவேன்,” என்றாள். “நம்பரா எழுதினா யாராவது தலைகீழா பார்த்துடுவாங்க.”

அவள் என்னைப் பார்க்காமல் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கம்பெனியில் மூன்று மாதம்கூட நான் ராடு மாட்டுகிற ஹோல்டரைப் பிடிக்கவில்லை. அடி அடுக்கு ஓட்டக் குனிந்தால் அந்தக் கம்பி தெரியும், கை நின்றுவிடும். கண் ஒத்துக்கொள்ளவில்லை என்று போர்மேனிடம் சொல்லி கிரைண்டிங்குக்கு மாறிக்கொண்டேன். அவனுடைய வேலையைப் பிடுங்கியவன் அந்த வேலையைச் செய்யவும் இல்லை. சம்பளம் மட்டும் மாதாமாதம் வந்தது. செம்பாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏழு வருஷம் ஏறவில்லை.

பிறகு தங்கையைச் செம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தோம். போகாமல் இருக்க முடியாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு ஏரிப் பக்கத்துச் சாலையில் நடந்தபோது, ஒரு கிரில் பட்டறை வாசலில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். திரும்பி நடந்தேன். பத்தடி போனதும் நின்றேன். பழக்கடை வரைக்கும் போய், மறுபடி வந்தேன்.

“இன்னா சார், வாசல் கேட்டா, ஜன்னல் கிரில்லா?” என்று தலையைத் தூக்காமல் கேட்டான். அப்புறம் பார்த்தான். “அட, நீயா.”

நின்றபடியே சொல்லிவிட்டேன். ஓட்டை விழுந்தது, கம்பி வைத்தது, புள்ளி வைக்க மறந்தது, எல்லாம். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“இன்னாடா, எனக்குத் தெரியாத மாதிரி சொல்லிகினு கீற? என் கை வேல எனக்குத் தெரியாதா?”

“அப்ப... அன்னிக்கே நீ சொல்லியிருந்தா...”

“சொன்னனே. அங்கியே சொன்னேன். நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த.”

பழப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

“கம்பி வெச்சவன்னு பேராயி, தாம்பரத்துல ஒரு பட்டறைலயும் சேக்கல. எங்க மாமா வூட்டாண்ட கோவளத்துல ரெண்டு வருஷம் மீன் கூடை தூக்கினேன். சரி, வுடு. மன்னிப்பு கின்னிப்புலாம் இங்க வேணாம். நான் கட்டுன பீஸு ஆயிரத்து எரநூறு. சர்டிபிகேட் குடுக்கல. அத நீ குடுத்துடு.”

எனக்குப் பெரிய நிம்மதி. இவ்வளவுதானா, ரூபாயில் முடிகிற விஷயம்தானா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை அவன் என் முகத்திலேயே படித்துவிட்டான் என்று நினைக்கிறேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பையில் இருந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்தேன். எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தான்.

இரண்டாம் முறை இருநூறு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். மூன்றாம் முறை போனபோது பட்டறையில் இரண்டு ஆட்கள் புதிதாக இருந்தார்கள்.

“டேய், ஆறு வந்துக்கீறாரு. ஸ்டூல் போடு,” என்றான்.

“யாருண்ணா ஆறு?” என்று ஒருவர் கேட்டார்.

“பழைய தோஸ்த்து. தலைகீழா நிக்க வெச்சா ஒம்போதாயிடுவாரு.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. டீ வரவழைத்தான், குடித்தேன், நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். “அடுத்த மாசம் வா ஆறு,” என்று பின்னாலிருந்து கூப்பிட்டான்.

அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதம் கம்பெனியில் ஓவர்டைம். அதற்கப்புறம் காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேசான ஜலதோஷம்தான் அது. எட்டு மாதம் கழித்துப் போனால் பட்டறை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. பக்கத்து சைக்கிள் கடைக்காரர், “அவரு கோவளத்துக்கே பூட்டாருப்பா, படகு வேல பாக்குறாராம்,” என்றார்.

கோவளத்துக்குத் தாம்பரத்திலிருந்து பஸ் இருக்கிறது. புறப்படும் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு தடவை ஏறி, கேளம்பாக்கத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். மீன் வாடையும் வெயிலும் இருக்கும் அந்தக் கரையில் பத்துப் பேர் நடுவே அவன் என்னை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அதைவிட, கூப்பிடாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வானோ என்றும் பயம்.

கொடுத்தது அறுநூற்றைம்பது. பாக்கி ஐந்நூற்றைம்பது ரூபாய்.