பாய்லர் சார் வீட்டம்மா

எங்கள் டவுன்ஷிப்பில் கல்யாணமான பெண்ணுக்குப் பெயர் கிடையாது. குவார்ட்டர்ஸ் யார் பெயரில் அலாட் ஆகியிருக்கிறதோ அவருடைய வீட்டம்மா, அவ்வளவுதான். என் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் பாய்லர் வேலை. அதனால் நான் பாய்லர் சார் வீட்டம்மா. அங்கே பாய்லர் நின்றுபோனால்கூடக் காய்கறிக் கடையில் என்னைத்தான் விசாரிப்பார்கள்.

வீட்டு முன்னறையில் பல வருஷமாக இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். ஒரு பொருள் யாருடையது என்று எழுதும் பாடத்தில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். சொந்தக்காரர் ஒருவர் என்றால் அப்பாஸ்ட்ரபி எஸ்ஸுக்கு முன்னால். எஸ் போட்டுப் பலர் ஆகிவிட்டால் எஸ்ஸுக்குப் பின்னால். ஒரு டீச்சரின் பை, பல டீச்சர்களின் அறை. இதில் நான் ரொம்பக் கறார்.

போன வருஷம் லேடீஸ் கிளப்பில் சிறந்த டியூஷன் டீச்சர் என்று எனக்கு ஷீல்டு கொடுத்தார்கள். பட்டுப்புடவை கட்டி, மேடையேறி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதில் தங்க எழுத்தில் என் கணவர் பெயர். பக்கத்தில் அவருடைய எம்ப்ளாயி நம்பர் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளப் செயலாளரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"உங்க பேரு யாருக்குங்க தெரியும்? சார் பேரு போட்டாத்தான நீங்கன்னு தெரியும்" என்றார்.

அந்தம்மா பெயர் எனக்கும் தெரியாது என்பதால் சண்டையை வளர்க்க முடியவில்லை.

கணவர் ஷீல்டைத் துடைத்து ஷோகேஸ் நடுவில் வைத்தார். யாராவது பாராட்டினால், "ஏதோ நம்மால முடிஞ்சது" என்பார். அவருக்கு இங்கிலீஷில் ஷிப்ட், லீவு, ஓவர்டைம் மூன்றும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளைச் சேர்க்க வந்தார். ஷீல்டைப் பார்த்துவிட்டு நேராக என் கணவரிடம், "சாரு நல்லா சொல்லிக் குடுக்கறாருன்னு எங்கூர்ல பேசிக்கினு இருக்காங்க. நீங்கதான் பாத்துக்கணுங்க" என்றார். இவரும் மறுக்காமல் தலையாட்டினார்.

நான் சாக்பீஸை அவர் கையில் வைத்தேன். "இன்னைக்கு நீங்களே எடுங்க. எது யாருதுங்கிற பாடம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

முன்னறையில் கொஞ்ச நேரம் கனைப்பு. பிறகு "இந்தாம்மா" என்றார். நான் அசையவில்லை. "ஏம்மா, உன்னத்தான்." அதற்கும் அசையவில்லை. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்த பிறகு, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு அவர் விட்டுவிட்ட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.